தொட்டிச் சுண்ணாம்பு

மசக்கை வந்தால் சிலருக்கு மாங்காய் கேட்கும், சிலருக்குத் திருநீறு கேட்கும். முத்துப்பேச்சிக்கு மண் கேட்கும். அதுவும் கண்ட மண்ணும் ஆகாது. புகுந்த வீட்டு ஓடைக்கரைக் காட்டுச் செவ்வல்தான் வேண்டும். மூத்தவள் வயிற்றில் இருந்தபோதும், இளையவள் இருந்தபோதும் களையெடுக்கிற சாக்கில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். புருஷன் நல்லுசாமி பார்த்துவிட்டால், "அம்புட்டையும் தின்னுறாத புள்ள, உழுகுறதுக்கு ஏதாச்சும் மிச்சம் வையி" என்பான்.

இது மூன்றாவது. ஆனி பிறந்திருந்தது. கோடை மழை நன்றாகவே பெய்து, சிறுமலைப் பக்கம் இன்னும் கருக்கல் கலையாமல் நின்றது. காட்டு நடுவில் குந்தி, ஈர மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள். ஈயம் போன பித்தளைச் சட்டியில் வைத்த ரசம் மாதிரி மண் புளித்தது. நாலடி தள்ளிப்போய் எடுத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே புளிப்பு. நாக்குக் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு எழுந்தாள். நாக்கைக் குறை சொல்வது அவளுக்கு லேசாக இருந்தது. ஊர் அவள் கையையல்லவா குறை சொல்லிக்கொண்டிருந்தது.

கடலை விதைக்கும்போது எங்கள் பக்கம் ஏருக்குப் பின்னால் பெண்கள்தான் விதை போட்டுக்கொண்டு போவார்கள். ஆனால் ஏர் கீறுகிற முதல் சாலில் கண்டவள் விதை போட்டுவிட முடியாது. கைராசிக்காரியை வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அழைக்க வேண்டும். அவள் போட்டு முடித்த பிறகுதான் மற்றவர்கள் குனியலாம். சின்னாளப்பட்டி ரோட்டிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் அந்தத் தட்டு முத்துப்பேச்சிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து நடந்தது பெற்ற பிள்ளைகளால் அல்ல, அந்தத் தட்டுகளால்தான். இதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அப்பேர்ப்பட்டவளின் சொந்தக் காட்டில்தான் முதலில் பொக்கு விழுந்தது. கொடி என்னவோ ஆட்டுக்குட்டி படுத்தால் தெரியாத அளவுக்குத் தழைக்கும். பிடுங்கினால் கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும். உடைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

நல்லுசாமிக்குச் சல்பேட்டு உரம் என்றால் உயிர். சொசைட்டியில் அந்த வெள்ளை உப்பு மூட்டை வந்து இறங்கிய நாளிலிருந்து குப்பைவண்டி அடிப்பதையும் கண்மாய் வண்டல் அள்ளுவதையும் விட்டுவிட்டான். கிராம சேவக் சொன்ன அளவு ஒன்று, இவன் கை அள்ளி வீசிய அளவு இன்னொன்று. கொடி பச்சை கட்டுவதைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் வீசினான். மழை பெய்யப் பெய்யக் கொடி தளதளத்தது. மண்ணில் இருந்த எதையோ மழை கரைத்துக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தது. அந்த மழைக்கும் இந்தப் பொக்குக்கும் முடிச்சுப் போட ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முத்துப்பேச்சியின் கைக்கும் பொக்குக்கும் முடிச்சுப் போட எல்லாருக்கும் தோன்றியது. மற்றவர்களும் மூட்டை வாங்கிப் போட, அவர்கள் காட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொக்கு விழ ஆரம்பித்தது. அங்கெல்லாம் முதல் சால் போட்டவளும் அவள்தானே! அந்தக் கணக்கு ஊருக்குச் சரியாக இருந்தது.

நத்தத்துக்கு மாங்காய் வண்டி அடிக்கப் புறப்பட்ட அன்று காலையில், கம்பங்கூழும் கருவாட்டுத் துண்டுமாக உட்கார்ந்திருந்த நல்லுசாமி மெதுவாகத் தொடங்கினான்.

"ஒண்ணு சொன்னா மூஞ்சியத் தூக்க மாட்டியே?"

"தூக்குற மாதிரி இருந்தா தூக்கத்தான் செய்வேன். சொல்லுங்க."

"வர்ற ஆடிக்கு முதச் சால் கருப்பம்மா போடட்டும்."

கருப்பம்மாள் அவன் தம்பி பெண்டாட்டி. போன தையில் வாழ வந்தவள்.

"ஏன், எங்கையில என்ன புழுவா நெளியுது?"

"மாசமா இருக்க. குனிஞ்சு நிமுற முடியுமா?"

"மூத்தவ வயித்துல இருக்கயில இந்தக் காடு, மொக்கைச்சாமி மாமா காடு அம்புட்டுக்கும் போட்டேன். அப்பக் குனிஞ்சது நானா, ஒங்க தங்கச்சியா?"

"ஊருல ஒரு பேச்சு இருக்கு புள்ள."

"ஊருல இருந்துட்டுப் போகுது. ஒங்களுக்குள்ள இருக்கா?"

நல்லுசாமி கும்பாவில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வண்டி தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். ஊர் சொன்னதெல்லாம் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இவன் கை கழுவியது வலித்தது.

அதற்குப் பிறகு அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை. பெருக்கின வாசலையே மறுபடி பெருக்கினாள். உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். காட்டுக்குப் போனாள், வந்தாள், திரும்பவும் போனாள்.

அப்படி ஒருநாள் ஓடைக்கரையில் நடந்தபோதுதான் அந்தச் செடியைப் பார்த்தாள். போன வருஷம் சிந்திய விதை ஒன்று கோடை மழைக்குத் தானாக முளைத்துக் கிடந்தது. அது முளைத்திருந்த இடம் நாற்றம் பிடித்த இடம். திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தோல்ஷாப்பின் கழிவை வண்டியில் ஏற்றி வந்து சாகுல் ஹமீது ஓடையில் கொட்டுவார். முடி கழலுவதற்காகத் தோலை ஊறப்போடுகிற தொட்டியின் அடியில் தங்கும் செத்த சுண்ணாம்பு அது. போன வருஷம் ஒரு வண்டி கரையோரம் சரிந்து, கொஞ்சம் இவர்கள் காட்டு விளிம்பில் கொட்டிவிட்டது. நல்லுசாமி அன்றைக்குப் போட்ட சண்டை அம்பாத்துறை வரைக்கும் கேட்டிருக்கும்.

செடியைப் பிடுங்கினாள். ஒரு காயை உடைத்தாள். இரண்டு பருப்பும் தோட்டை முட்டிக்கொண்டு நின்றன. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் முழுசு. மடியில் போட்டு எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்தாள். ஒன்றுகூடப் பொக்கு இல்லை. இதுவும் அவள் காட்டு விதைதான், ஆனால் அவள் கை போடாத விதை. முதலில் அதுதான் நெஞ்சில் குத்தியது. பிறகுதான் வேரைப் பார்த்தாள். வேரெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கிட்டே கொண்டுபோனதும் மூக்கு வேண்டாம் என்றது. நாக்கு மட்டும், வேண்டும் வேண்டும் என்று கேட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டு, நுனியில் ஒரு பொட்டு வைத்தாள். அதற்குப் பிறகு வாந்தியும் எடுத்தாள், அது வேறு விஷயம்.

மறுநாள் சாகுல் ஹமீது வண்டியோடு வந்தபோது அவள் கரையில் நின்றிருந்தாள். அவர் பதறிப்போய் மாட்டை இழுத்துப் பிடித்தார்.

"நா ஒண்ணும் கொட்டல தங்கச்சி. மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் நின்னேன்."

"கொட்டுங்கண்ணே. உள்ள வந்து கொட்டுங்க."

"எங்க உள்ள?"

"எங்க காட்டுக்குள்ள."

சாகுல் ஹமீது தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன வருசம் ஒங்க வீட்டுக்காரரு எம்மாட்டு மூக்கணாங்கயித்தப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு வாட்டி இங்கன வண்டிச் சத்தம் கேட்டா மாட்ட உரிச்சு உந்தொட்டியிலயே போட்ருவேன்னாரு. இன்னைக்கு நீங்க உள்ள கூப்புடுறீக. ரெண்டு பேருஞ் சேந்து அடிக்கவா?"

"அவுக நத்தத்துக்குப் போயிருக்காக. வார நாளாகும்."

"இது என்னன்னு தெரியுமா? ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஊறுன எழவு. முடி கெடக்கும், சதை கெடக்கும். வேலை முடிஞ்சு போனா எங்க ஜெய்தூன் என்னைய வாசல்லயே நிறுத்திக் குளிக்க ஊத்துறா. கட்டுன பொண்டாட்டிக்கே ஆகாதது ஒங்க காட்டுக்கு ஆகுமா?"

"ஆகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியாதுண்ணே. வெத்துக் கூடா இருந்த கடலை இங்கன ரொம்பியிருக்கு. அம்புட்டுத்தான் தெரியும்." மடியை விரித்துக் காட்டினாள். "வயித்துப் புள்ளைக்கு வேணுங்கறத நாக்கு கேக்கும்பாக. காட்டுக்கு நாக்கு இல்லைல்ல."

"பயிரு கருகிப்போனா?"

"கருகுனா எங்கையாலதான்னு சொல்லிருவாக. அதுக்குன்னுதான் ஒரு கை இருக்கே."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "மொதக் கடலைய ஒங்க கருப்பசாமிக்கு வப்பீகள்ல? நாளைக்கு விசயம் தெரிஞ்சா, அடி எனக்குத்தான் விழுகும் தங்கச்சி. நா வண்டி ஓட்டிப் பொழைக்கிறவன்."

"ஒங்க பேரு என் வாயில வராது."

"அல்லா விட்ட வழி" என்று சொல்லிவிட்டு மாட்டைத் திருப்பினார்.

வண்டி வரவர, உச்சி வெயிலில் ஊர் கண் அசரும் நேரமாகப் பார்த்துக் கூடையில் அள்ளிச் சிந்தினாள். முந்தானையை மூக்கோடு சுற்றிக்கொண்டாள். விரலிடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்தது. கருப்பம்மாள் பார்த்து, "கையில என்னக்கா?" என்று கேட்டதற்கு, "வெந்நி கொட்டிருச்சு" என்றாள். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களுக்கு ஓடையைக் காட்டினாள். அது பொய்யும் இல்லை.

அவள் எதிர்பாராதது நிறம். சிவந்த காட்டில் சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று கிடந்தது. ரோட்டில் பஸ்ஸில் போகிறவன்கூடப் பார்க்கலாம். மழை வந்து மண்ணோடு சேர்த்துவிட்டால் பிழைத்தாள். அதற்குள் நல்லுசாமி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளால் நினைக்கவே முடியவில்லை. சிறுமலையில் மேகம் ஏறும், இறங்கும், கொடைரோட்டுப் பக்கம் நழுவிப் போய்விடும். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். ராப்பகலாக வானத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது.

கடைசியில் ஒரு சாயங்காலம் மழை அடித்தது. அவள் காட்டு வரப்பில் நனைந்துகொண்டே நின்றாள். மறுநாளே நல்லுசாமி வந்து சேர்ந்தான். மாட்டை அவிழ்த்துக் கட்டிய கையோடு காட்டுக்குப் போனவன், மேட்டுப் பகுதியில் திட்டுத் திட்டாக வெள்ளை மிச்சமிருப்பதைப் பார்த்துவிட்டு ஓடோடி வந்தான்.

"பேச்சி! காட்டப் பாத்தியா?"

அவளுக்கு உயிரே போய்விட்டது. "என்ன?"

"வருசா வருசம் போட்ட சல்பேட்டு அம்புட்டும் உள்ளயே கெடந்து, இப்ப மழைக்கு மேல பூத்து நிக்கிதுடி! நானும் கூறுகெட்டுப்போயி மூட்ட மூட்டயா வாங்கியிருக்கேன். இந்த வருசம் ஒரு மணி போட வேண்டாம்."

அவள் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுகையாகிப்போனது.

ஆடியில் விதைப்பு நடந்தது. சாணிப் பிள்ளையாருக்கு அருகம்புல் வைத்து, தட்டைக் கருப்பம்மாளிடம் கொடுத்தான் நல்லுசாமி. அந்தப் பெண் தயங்கித் தயங்கி முத்துப்பேச்சியைப் பார்த்துவிட்டு வாங்கினாள். முத்துப்பேச்சி வரப்பில் கஞ்சிக் கலயத்தோடு நின்றாள். கருப்பம்மாள் சில இடத்தில் நெருக்கியும் சில இடத்தில் இடைவெளி விட்டும் விதை போட்டாள். பார்க்கப் பார்க்க முத்துப்பேச்சியின் விரல்கள் தாமாக ஆடின.

கார்த்திகைக் கடைசியில் கடலை பிடுங்கினார்கள். முதல் கொத்தை உடைத்த நல்லுசாமி இன்னொரு கொத்தை உடைத்தான். அப்புறம் துண்டை மேலே எறிந்து பிடித்தான். காட்டில் இருந்த சனமெல்லாம் உடைக்க ஆரம்பித்துவிட்டது. கையில் எடுத்தால் காய் கனத்தது. கருப்பசாமி கோயிலுக்கு ஒரு பெட்டி போனது. பூசாரி மொக்கைச்சாமி படைத்துவிட்டு, அவித்த கடலையைக் கை நிறைய வாங்கித் தின்றுகொண்டே, "கருப்பம்மா கை தங்கமுல்ல. தைப் பட்டத்துக்கு நம்ம கெணத்தடிக்கு நீதான் வரணும் தாயி" என்றார். நல்லுசாமி கருப்பம்மாளுக்குச் சுங்குடிச் சேலை ஒன்று எடுத்துக் கொடுத்தான்.

நிறைமாச வயிற்றோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சிக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லியிருக்கலாம். கோயிலில் படைத்தது அவள் வாயைக் கட்டியது. சாகுல் ஹமீதுக்குக் கொடுத்த வாக்கும் கட்டியது. காடு பிழைத்தது, அவள் பெயர்தான் போய்விட்டது.

மார்கழியில் ஆண்பிள்ளை பிறந்தது. தை பிறந்து சில நாள் கழித்துக் கருப்பம்மாள் வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுத முகம்.

"நாளைக்கி மொக்கைச்சாமி மாமா காட்டுல வெதைப்பாம். அடுத்து நாலஞ்சு வீட்டுல தட்டு வச்சிருக்காக. எனக்குப் பயமா இருக்குக்கா."

"வெத்தல போட்டுக்கிட்டுச் சேல கட்டிக்கிட்டுப் போறதுக்கு என்ன பயம்?"

"அவுக காட்டுலயும் ரெண்டு வருசமாப் பொக்குத்தான விழுகுது? நாம் போட்டும் பொக்காப் போச்சுன்னா? ஒன்னையவே விடலையேக்கா. ஒன்னைய அம்புட்டுப் பேச்சுப் பேசுனாக. என்னைய என்ன சொல்லுவாக? எனக்கு வயித்துல வேற இன்னும் ஒண்ணும் தங்கல."

இந்தப் பெண்ணை எரிச்சலோடு பார்ப்பதற்கு முத்துப்பேச்சி இத்தனை நாள் பழகியிருந்தாள். அந்த எரிச்சல் இப்போது கைக்கு அகப்படவில்லை. தன்னைச் சுற்றிய அதே பேச்சு இவளையும் சுற்றப்போவது தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். புளித்த மண், தானாய் முளைத்த செடி, சுண்ணாம்பு, வெந்துபோன கை. யார் வண்டி என்பதை மட்டும் சொல்லவில்லை.

கருப்பம்மாள் வெள்ளந்தியாகத்தான் கேட்டாள்.

"அப்ப முந்தியெல்லாம் வெளஞ்சதும் ஓங்கையால இல்லையாக்கா?"

பிள்ளை அழாமலே முத்துப்பேச்சி தொட்டிலை ஆட்டினாள். பொக்கு மண்ணால் என்றால் நிறைவும் மண்ணால்தான். வாங்கிய தட்டு, நிமிர்ந்து நடந்த தெரு, எல்லாம் அந்த மண் கொடுத்தது. இத்தனை மாசத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஊர் பறித்ததைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று அதுவரை ஒரு நப்பாசை இருந்தது. இனி வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் மொக்கைச்சாமியின் கிணற்றடிக் காட்டில் ஏர் பூட்டி நின்றது. நல்லுசாமியும் இருந்தான். கருப்பம்மாள் புதுச் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். மொக்கைச்சாமி தட்டை எடுத்து நீட்டினபோது, பச்சை உடம்போடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முத்துப்பேச்சி வரப்பேறி வந்தாள்.

"அவகிட்டக் குடுக்காதீக மாமா."

"என்ன தாயி, பொறாமையா?" என்றார் அவர்.

"அவ கையில ராசி இல்ல. எங்கையிலயும் இல்ல. என்னைக்கும் இருந்ததில்ல." பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எங்க காடு வெளஞ்சது தோல்ஷாப்புத் தொட்டிச் சுண்ணாம்பால. நாந்தான் அள்ளிச் சிந்துனேன்." நல்லுசாமி பக்கம் திரும்பினாள். "இந்தாருங்க, நீங்க சல்பேட்டு பூத்திருக்குன்னு சொன்னீகளே, அதுதான்."

நல்லுசாமியின் முகம் செத்துப்போனது. "கோயிலுக்கு வச்சதுலயுமா?"

"அதே காட்டுக் கடலைதான."

மொக்கைச்சாமி கையை வேட்டியில் துடைத்தார். "சாமிக்கு ஆகாதத வச்சுப்புட்டியேடி பாவி! தோலு ஊறுன தண்ணியவா…"

"கோயில்ல வெட்டுற கெடாத் தோல வருசா வருசம் எங்க விக்கிறீக மாமா?"

பேகம்பூருக்குத் தோல் கொண்டு போவது அவர்தான் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஏர்மாடு ஒன்று தலையை ஆட்ட, மணி குலுங்கியது.

மொக்கைச்சாமி தன் காட்டைப் பார்த்தார். தளதளவென்று கொடி படர்ந்து வெறும் தோடாகக் கொடுத்த காடு. பிறகு கையில் இருந்த தட்டைப் பார்த்தார்.

"அப்ப இந்தத் தட்ட யாருக்குத்தான் குடுக்கச் சொல்ற?"

"தட்ட வீட்டுக்குக் கொண்டுபோங்க மாமா" என்றாள் முத்துப்பேச்சி. "கூடையக் கொண்டாங்க."

யாரும் நகரவில்லை. நல்லுசாமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் விரலிடுக்கில் வெளுத்துக் கிடந்த தழும்பை அப்போதுதான் பார்த்தான் போலிருக்கிறது. கிணற்று மேட்டில் கவிழ்த்திருந்த கூடை ஒன்றை எடுத்தான். பட்டப்பகலில், எல்லார் கண் முன்னாலும் ஓடைப் பக்கம் நடந்தான்.